மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே ஒரு புத்தகம்



ரமளான் மாதத்தில் குர்ஆனை ஒரு முறையாவது முழுதாக ஓதி முடிப்பவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்கள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அல்லர். கடை நடத்துகிறவர்கள், சரக்கு வண்டியோடு காரவள்ளிக்கு இறங்கி ஏறுகிறவர்கள், ஸஹருக்கு மூன்று மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டுகிற பெண்கள். மதீனா அச்சுப் பிரதியில் குர்ஆன் 604 பக்கம். முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு இருபது பக்கம். ஐந்து வேளைத் தொழுகைக்குப் பின்னும் நாலு நாலு பக்கம் ஓதினால் அன்றைய பங்கு முடிந்துவிடும். மதரஸாவில் ஓதிய சின்னப் பிள்ளைக்குக்கூட இந்தக் கணக்குத் தெரியும்.

ஷவ்வால் பிறந்த பிறகு அதே ஆட்களிடம், "இந்த வருஷம் என்ன புத்தகம் படித்தீர்கள்?" என்று கேட்டால், "படிக்க ஆசைதான், நேரம் எங்கே இருக்கிறது?" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ரமளானில் பகல் நீண்டுவிடவில்லை. நோன்பும் தராவீஹும் சேர்ந்து வேலை கூடித்தான் இருந்தது. அப்படியிருந்தும் 604 பக்கம் எப்படி முடிந்தது? ஓய்வு கிடைத்தால் ஓதலாம் என்று நாம் காத்திருக்கவில்லை. எப்படியும் நடக்கப்போகிற தொழுகையோடு ஓதுவதை முடிந்து வைத்தோம். தொழுகை வந்தது, பின்னாலேயே ஓதலும் வந்தது. குர்ஆன் ஓதுவது இபாதத், மற்றப் புத்தகம் படிப்பது பொழுதுபோக்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் அதைச் செய்ய உதவிய வழி இதற்கும் உதவும் என்பதே இந்த இதழில் நாம் சொல்ல வந்தது.

பொழுதுபோக்குக்கு ஏன் இத்தனை அக்கறை என்று கேட்கலாம். நம் அறக்கட்டளைக்குக் கல்வி உதவிக்கும் மருத்துவ உதவிக்கும் மனுக் கொண்டு வருகிறவர்களில் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்தவர்கள் நிறையப் பேர். இரண்டு பக்கப் படிவத்தைக் கையில் கொடுத்தால், முதல் பத்தியோடு நிறுத்திவிட்டு, "நீங்களே படித்துச் சொல்லுங்கள்" என்று திருப்பி நீட்டுகிறார்கள். எழுத்துத் தெரியாமல் அல்ல. நீளமாக ஒன்றைப் படித்து முடிக்கும் பழக்கம் விட்டுப்போய்விட்டது. நகைக் கடன் புதுப்பிக்கும் தாள், குழுக் கடன் ஒப்பந்தம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் குறிப்பு, எல்லாமே பொடி எழுத்தில் நாலைந்து பக்கம் இருக்கும். படிக்காமல் போட்ட கையெழுத்து பின்னால் எவ்வளவு செலவு வைக்கிறது என்பதைப் பலர் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். கதைப் புத்தகம் படிக்கிறவர் கடன் பத்திரத்தையும் படிப்பார் என்று உத்தரவாதம் கிடையாது. ஆனால் இருபது பக்கம் ஒரே மூச்சில் படித்துப் பழகிய கண்ணுக்கு நாலு பக்கம் பெரிய மலையாகத் தெரியாது.

சரி, எந்த நேரத்தில் படிப்பது? நம் மலையில் கார்த்திகை மாதம் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. ஆனி, ஆடியில் ஆறே முக்காலை ஒட்டி மஃரிபு. அதிலிருந்து இஷா நேரம் வர ஏறத்தாழ ஒன்றேகால் மணி ஆகும், ஜமாஅத் நிற்க இன்னும் கொஞ்சம் தாமதம். தொழுது, சுன்னத் முடித்து, வீட்டுக்கு நடந்து வந்து, ஒரு டீ குடித்தாலும் முக்கால் மணி நேரம் மிச்சம். வெளியே பனி இறங்கியிருக்கும், போக இடமும் இல்லை. பெரும்பாலான ஆண்களுக்கு இந்த முக்கால் மணி நேரம் இப்போது கைப்பேசியில் கரைகிறது. ஒரு வீடியோ முடியுமுன் அடுத்தது தானாக வந்து நிற்கிறது. நாம் தேடிப்போவதில்லை, அதுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அமைப்புகளுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்று ஒரு பகுதி இருக்கிறது. இன்று எந்தச் செயலியில் எத்தனை மணி எத்தனை நிமிடம் போனது என்று அது காட்டும். ஒரு வாரம் அதைப் பார்த்துவிட்டு, பிறகு நேரம் இல்லை என்று சொல்வதா வேண்டாமா என்று அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். நாம் யாரையும் கணக்குக் கேட்கப்போவதில்லை.

அந்த முக்கால் மணி நேரத்தை முழுதாகக் கொடுக்கவும் வேண்டாம். நாளுக்குப் பத்துப் பக்கம் போதும். நிதானமாகப் படிப்பவருக்கும் இருபது இருபத்தைந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. வருஷத்துக்கு 3,650 பக்கம் வரும். இருநூறு பக்கப் புத்தகமாகப் பார்த்தால் பதினெட்டு. காய்ச்சல், கல்யாணம், மவுத்து, சந்தை, பெருநாள் என்று பாதி நாள் போனாலும் ஒன்பது புத்தகம் மிஞ்சும். ஒன்பது புத்தகம் படித்தவர் இந்த மலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், இது சின்னக் காரியம் இல்லை என்று தெரியும்.

வியாபாரிகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. சமவெளியில் சனி, ஞாயிறு ஓய்வு. நமக்கோ அதுதான் உச்சம். எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வருகிற சுற்றுலாக்காரர்கள் போகும் வரை கடையில் நிமிர நேரம் இருக்காது. ஆகவே, ஞாயிற்றுக்கிழமை புத்தகம் படியுங்கள் என்று பட்டணத்துப் பத்திரிகைகள் சொல்லும் யோசனை நமக்கு ஒத்துவராது. செவ்வாயும் புதனும் மதியம் கடையில் ஈ ஓட்டுகிறோமே, அந்த நேரம் நம்முடையது. ஐப்பசி மழையில் நாள் கணக்கில் வண்டி வராதபோதும் அப்படித்தான். மிளகு, காப்பி பறிப்பு நடக்கும்போதும் பலாப்பழம் இறங்கும்போதும் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம், குற்றம் இல்லை. படிப்புக்கும் பருவம் உண்டு.

கடையும் புத்தகமும் சேராது என்று நினைப்பவர்கள் தோப்பில் முஹம்மது மீரானை நினைத்துக்கொள்ளலாம். குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் 1944-இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் மலையாள வழியில் படித்தவர். திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தார். மூட்டையும் தராசும் பாக்கி வசூலுமான அந்தப் பிழைப்பின் நடுவில்தான் தமிழில் எழுதினார். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-இல் வந்தது. 'சாய்வு நாற்காலி' நாவலுக்கு 1997-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. மிளகு வியாபாரம் செய்கிற நமக்கு மிளகாய் வியாபாரியின் உதாரணத்தை விட நெருக்கமானது வேறு எதுவும் இருக்க முடியாது. பெரிய பதவியில் இருந்தவர் வேண்டுமென்றால், நாகூரில் பிறந்த நீதிபதி மு. மு. இஸ்மாயில் இருக்கிறார். 1979 முதல் 1981 வரை சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. வழக்குக் கட்டுகளைப் படித்தே கண் பூத்துப்போகிற வேலை. அவர் கம்பனை வரிவரியாகப் படித்து, கம்பராமாயணம் பற்றிப் பல நூல்கள் எழுதினார். நேரம் மிச்சமிருந்ததால் எழுதினார் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கடையையும் புத்தகத்தையும் சேர்த்து மதரஸாவில் ஒரு கதை சொல்வார்கள். பஸராவின் அல்ஜாஹிஸ், இன்றைக்கு ஆயிரத்து நூறு வருஷத்துக்கும் முந்தியவர், ஏழை வீட்டுப் பிள்ளை. புத்தகம் வாங்கக் காசில்லாமல், புத்தக வியாபாரிகளின் கடைகளை இரவுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து உள்ளே உட்கார்ந்து படிப்பாராம். பழைய அரபு வாழ்க்கை வரலாற்று நூல்கள் இதைச் சொல்கின்றன. அதே நூல்களில் அப்பாஸிய அரசவையில் அமைச்சராயிருந்த ஃபத்ஹு இப்னு காகானைப் பற்றியும் வருகிறது. கலீஃபாவின் சபையிலிருந்து சற்று எழுந்து போக நேர்ந்தாலும் சட்டைக் கைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்துப் படித்துக்கொண்டே போவாராம். நம் ஜிப்பாவிலும் பை இருக்கிறது, அதில் இப்போது என்ன இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆண்களுக்கே பொருந்தும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே ஆணுக்கு ஓய்வு, பெண்ணுக்கு அடுப்பு. மாவு பிசைய வேண்டும், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் பார்க்க வேண்டும், இஷாவுக்குப் பிறகு எல்லாரும் சாப்பிட உட்காருவதற்குள் எல்லாம் தயாராக வேண்டும். பகலில் லுஹருக்குப் பின் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும் என்பார்கள். அப்போதுதான் தண்ணீர் வரும், துணி காயும், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வரும். தையல் வேலையோ தோட்ட வேலையோ சேர்ந்தால் அதுவும் இல்லை. ஆகவே, பெண்களுக்கு நேரத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளச் சொல்வது வெறும் பேச்சு. அவர்களுக்கு நேரத்தை வீட்டிலுள்ள மற்றவர்கள் கொடுக்க வேண்டும். இஷாவுக்குப் பின் பாத்திரம் கழுவுவதை ஒரு நாள் அத்தாவும் ஒரு நாள் மகனும் எடுத்துக்கொண்டால், அம்மாவுக்கு அரை மணி நேரம் திரும்பக் கிடைக்கும். வீட்டு வேலை ஆணுக்கு அழகல்ல என்று நினைக்கிறவர்கள் ஹதீஸைப் பார்க்கட்டும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் துணை செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது.

அந்த அரை மணி நேரத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தைக் காட்டலாம். 1917-இல் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் வீட்டுக்குள் இருந்து படித்ததுதான். 1938-இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு உ. வே. சாமிநாதையர் பாராட்டி எழுதிக்கொடுத்தார். தமிழ் முஸ்லிம் பெண்களில் முதல் நாவலாசிரியர் என்று அவரைச் சொல்கிறார்கள். நம் காலத்தில், திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மா பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டார். வீட்டுக்குள் கிடைத்ததையெல்லாம் படித்தார், யாருக்கும் தெரியாமல் எழுதினார். அவர் எழுதியதில் சிலவற்றோடு நமக்கு உடன்பாடு இல்லாமலிருக்கலாம், அது வேறு விஷயம். ஒளித்து வைத்துப் படிக்க வேண்டிய நிலை ஒரு பெண்ணுக்கு வந்ததே, அதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். நம் வீட்டு மருமகள் புத்தகத்தோடு உட்கார்ந்தால், "வேலை இல்லையோ?" என்று கேட்கிற வாய் யாருடையது? மாமியாருடையது மட்டுமல்ல, நம்முடையதும்தான்.

கை ஓயாதவர்களுக்கும் ஒரு வழி நம் முன்னோர்களிடம் இருந்தது. ஒருவர் படிப்பார், மற்றவர்கள் வேலை செய்துகொண்டே கேட்பார்கள். உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5,027 பாடல்கள். அதை யாரும் தனியாக மூலையில் உட்கார்ந்து படித்து முடிக்கவில்லை. தமிழ் முஸ்லிம் ஊர்களில் இரவுகளில் ஒருவர் பாட, ஒருவர் பொருள் சொல்ல, ஊரே கூடி நாள் கணக்கில் கேட்டது. கிஸ்ஸா, மஸ்அலா, முனாஜாத்து என்று எத்தனையோ வகை நூல்கள் வீடுகளுக்குள் பெண்கள் நடுவே ஓதப்பட்டன. கரையோர ஊர்களில் தமிழ் எழுத்துத் தெரியாத பெண்களும் குர்ஆன் ஓதப் பழகியிருந்ததால் அரபு எழுத்தில் அச்சான தமிழ்க் கிதாபுகளைப் படித்தார்கள். அரபுத்தமிழ் என்பது அதுதான். காயல்பட்டினத்தில் இன்றும் ரஜப் மாதம் முழுவதும் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் நடக்கிறது. அவ்வளவு பெரிய கிரந்தத்தை ஒரு மாதத்துக்குப் பங்கிட்டு, நாள்தோறும் ஓதி விளக்கம் சொல்கிறார்கள். ரமளானில் நாம் செய்கிற அதே கணக்கு, ஊர் முழுதுக்குமாக.

இது நம்முடைய வழக்கம் மட்டுமல்ல. கியூபா நாட்டில் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் ஒரு ஏற்பாடு உண்டு. தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து சுருட்டுச் சுற்றுவார்கள். மேடையில் ஒருவர் உட்கார்ந்து அவர்களுக்கு நாளிதழும் நாவலும் உரக்கப் படிப்பார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி அல்ல, தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். 'மாண்டி கிறிஸ்டோ' என்று ஒரு பிரபலமான சுருட்டு இருக்கிறது, அவர்கள் விரும்பிக் கேட்ட பிரெஞ்சு நாவலின் பெயர்தான் அது. சுருட்டை விட்டுவிடுவோம், வாசிப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். பூண்டு உரிக்கும்போதும், புளி கொட்டை எடுக்கும்போதும், மிளகில் காம்பு பொறுக்கும்போதும் நாலு பெண்கள் கூடுகிற இடத்தில், ஏழாவது படிக்கிற பிள்ளை ஒரு புத்தகத்தை எடுத்துப் பதினைந்து நிமிஷம் படித்தால் போதும். பிள்ளைக்கு வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் வரும். கண் தெரியாத நன்னிக்கும் கதை கிடைக்கும். தொலைக்காட்சித் தொடரைப் போலவே, 'நாளைக்கு என்ன ஆகும்?' என்ற கேள்வியும் அடுப்படியில் நிற்கும்.

நேரம் இருந்தும் படிக்காமல் போவதற்கு இன்னொரு காரணம் தூரம். புத்தகம் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால், அதைத் தேடிப் போவதிலேயே படிக்கிற நேரம் போய்விடும். செம்மேட்டுக்குப் பஸ் பிடித்துப் போய் வருகிறவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணக்கு ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நாலாவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. அதே 1931-இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். வயல் வேலைக்காரர் நூலகத்துக்கு நடக்க வேண்டாம், நூலகமே அவரிடம் நடந்து வரும். இரட்டை மாடு பூட்டிய அந்த வண்டியை நம் வளைவுகளில் ஏற்றிப் பார்க்க யாரும் துணியமாட்டார்கள். ஆனால் யோசனை நம்மைப் போன்ற மலைக்காரர்களுக்காகவே சொன்னது போலிருக்கிறது.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வீட்டு வரி கட்டுகிறபோதே நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்தது, சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலகத்துக்குப் போகிறது. காசு கொடுத்தாகிவிட்டது, சரக்கைத்தான் நாம் எடுத்து வருவதில்லை. கிளை நூலகத்தில் உறுப்பினராகச் செலவு மிகக் குறைவு. நூலக நண்பர்கள் என்ற அரசுத் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுவந்து தருகிறார்கள். நம் பகுதிக்கு அது கிடைக்குமா என்று நம் இளைஞர்கள் கிளை நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். கைப்பேசியை நாம் மேலே திட்டியதாக நினைக்க வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான நூல்கள் இலவசமாக இருக்கின்றன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் பழைய தமிழ் நூல்கள் கிடைக்கும். இலங்கைத் தமிழ் நூல்களுக்கு நூலகம் தளம் உண்டு. சிக்னல் கிடைக்கிற இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத வீட்டிலும் படிக்கலாம். கரண்டு போன இரவிலும் அந்த வெளிச்சம் போதும். நெட்டை மட்டும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாலாவது பக்கத்தில் ஒரு கல்யாண வீடியோ வந்து கதவைத் தட்டும்.

பிள்ளைகளைப் பற்றியும் கொஞ்சம். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று இதழ்கள் தருகிறார்கள். பல வீடுகளில் அவை பைக்குள்ளேயே மடிந்து கிடக்கின்றன. இன்று இரவே பையைத் திறந்து பாருங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' 1987 முதல் வருகிறது, அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு நல்லது. வீட்டில் உருது பேசும் குடும்பங்களில் ஒரு சங்கடம் இருக்கிறது. பிள்ளைக்கு உருது எழுத்து வராது, தமிழும் பள்ளிக்கூடத்துத் தமிழோடு நின்றுவிடும், ஆங்கிலமும் அரைகுறை. மூன்று மொழி பேசி, ஒன்றிலும் சரளமாகப் படிக்காமல் வளர்கிற பிள்ளைக்கு ஒரு மொழியையாவது முழுதாகக் கொடுக்க வேண்டும். இந்த மண்ணில் அது தமிழாக இருப்பதே நல்லது என்பது நம் கருத்து. வேறு கருத்து உள்ளவர்கள் எழுதலாம், அடுத்த இதழில் போடுகிறோம்.

டாக்டர் அப்துல் கலாம் போகிற இடமெல்லாம் வீட்டு நூலகம் பற்றிச் சொல்லி வந்தார். இருபது புத்தகத்தோடு தொடங்குங்கள், அதில் பத்து பிள்ளைகளுக்கானதாக இருக்கட்டும், அது பிள்ளைகள் காலத்தில் இருநூறாகவும் பேரப்பிள்ளைகள் காலத்தில் இரண்டாயிரமாகவும் வளரட்டும் என்று உறுதிமொழி எடுக்க வைத்தார். ராமேஸ்வரத்தில் சிறுவனாக இருந்தபோது எஸ். டி. ஆர். மாணிக்கம் என்பவரிடமிருந்து புத்தகம் இரவல் வாங்கிப் படித்தவர் அவர். அந்த ஊரில் தன் வீட்டில் புத்தகம் சேர்த்து வைத்திருந்த ஒரு ஆள் இல்லாமல் போயிருந்தால் என்ற எண்ணம் நமக்கு அடிக்கடி வரும்.

எதைப் படிப்பது என்பதில் நாம் கண்டிப்புக் காட்டப்போவதில்லை. கதை படிப்பது வீண் என்று பெரியவர்கள் சிலர் சொல்வது காதில் விழுகிறது. யூசுஃப் நபியின் வரலாற்றை ஒரு முழு சூராவாகத் தந்த வேதத்தை ஓதுகிறவர்கள் நாம், கதையைக் கண்டு இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. ஒழுக்கக் கேடானதைப் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள். சமையல், விவசாயம், நோய்கள், சரித்திரம், பயணம் என எது பிடிக்கிறதோ அதிலிருந்து தொடங்கட்டும். முதல் புத்தகம் நூறு பக்கத்துக்குள் இருந்தால் நல்லது. முப்பது பக்கம் படித்தும் பிடிக்கவில்லையா, மூடிவிட்டு வேறு எடுங்கள். தட்டில் போட்ட சோற்றை வீணாக்கக் கூடாது என்ற விதி புத்தகத்துக்கு இல்லை. இந்த ஒன்றைத் தெரியாமல்தான் பலர் ஒரே புத்தகத்தில் ஆறு மாதம் சிக்கி, பிறகு படிப்பையே விட்டுவிடுகிறார்கள்.

அறக்கட்டளை சார்பில் மதரஸாவின் முன் அறையில் ஒரு இரும்பு அலமாரி வைக்கிறோம், இன்ஷா அல்லாஹ். மஃரிபு தொழுகை முடிந்ததும் அரை மணி நேரம் திறந்திருக்கும். பெண்களுக்கு ஞாயிறு லுஹருக்குப் பின் தனியாகத் திறப்போம். ஒரு சகோதரி பொறுப்பில் இருப்பார். வர முடியாத வீடுகளுக்கு மக்தபுக்கு வரும் பிள்ளைகளின் பையில் கொடுத்தனுப்புவோம், திரும்பவும் அதே பையில் வரட்டும். ஒரு நோட்டில் பெயர், புத்தகம், தேதி மட்டும். தவணை பதினைந்து நாள். பறிப்புக் காலத்தில் ஒரு மாதம். தாமதத்துக்கு அபராதம் கிடையாது. தொலைந்துபோனால் அதே புத்தகம் அல்லது வேறொரு புத்தகம். வீட்டில் படித்து முடித்த நல்ல புத்தகம் இருப்பவர்கள் தரலாம். பழைய பாடநூல், கைடு, காலாவதியான பொதுத்தேர்வு வினாத்தாள் வேண்டாம், அவற்றை எடைக்குப் போடும் வேலை நமக்கு வந்துவிடும். பிள்ளைகளின் புத்தகங்கள்தான் மிகக் குறைவாக இருக்கின்றன. வீட்டில் வாசிப்பு நடத்த ஒரே புத்தகம் இரண்டு பிரதி தேவைப்படுகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால், நாமக்கல் போகும்போது வாங்கி வருகிறோம்.